தேன்பெட்டி வாங்கலாமான்னு கேட்ட மாப்ளைக்கு: ஒரு அடிப்பலகை புலம்பல்

மாப்ள ஒருத்தன் மெசேஜ் போட்டிருந்தான், நீதான் வருஷக்கணக்கா வச்சிருக்கியே, நியூட்டன் தேனீப் பெட்டி இப்ப ஒரு இடத்துல விலை குறைச்சுத் தர்றாங்களாம், தேனீக் குடும்பத்தோட சேத்து ஒரு செட் எடுக்கவான்னு. அவன் கேட்ட நேரம் அப்படி, நேத்துதான் ஆசாரி என் பெட்டியோட அடிப்பலகைய இழைச்சு திருப்பிக் குடுத்துட்டுப் போனாரு, கூலி பெட்டி விலைல கால்வாசி. அதனால இது கொஞ்சம் காரமாத்தான் இருக்கும்.

கீழ குஞ்சு வளர்ற புழு அறை, மேல தேன் அறை, மெழுகு அடை கட்ட ஏழு மரச்சட்டம் இதெல்லாம் உனக்கே தெரியும். டிசைன்ல எனக்கு ஒரு குறையும் இல்ல. 1910கள்ல நியூட்டன்னு ஒரு பாதிரியார் நம்ம நாட்டு அடுக்குத் தேனீயோட சைஸ பாத்து செஞ்ச பெட்டி, அதான் வெளிநாட்டுத் தேனீக்கு வைக்கிற பெரிய பெட்டிய விட நம்மாளுக்கு பொருந்துது, ஒரே ஆள் தூக்கி வேற தோப்புக்கு மாத்திரலாம். குறை டிசைன்ல இல்ல, இப்ப செஞ்சு விக்கிறாங்க பாரு அந்த வேலைல.

விஷயம் என்னன்னா மரம் சரியா காயாம அடிச்சிருக்காங்க. முதல் வெயில்லயே அடிப்பலகை லேசா வளைஞ்சு, புழு அறைக்கும் அதுக்கும் நடுவுல ஒரு விரிசல். இதுக்கா இவ்ளோ கத்துறேன்னு கேப்ப. அந்த வெளிநாட்டு இத்தாலியத் தேனீ வச்சிருக்கவனுக்கு இது ஒரு பிரச்சனையே இல்ல, ஏன்னா அது மரப்பிசின் கொண்டு வந்து சந்து பொந்தெல்லாம் தானே அடைச்சுக்கும். அதத்தான் புரோபோலிஸ்னு தனியா விக்கிறாங்க. நம்ம அடுக்குத் தேனீக்கு அந்தப் பழக்கமே கிடையாது. விரிசல் இருந்தா இருந்துட்டு போகுதுன்னு விட்டுரும். அந்த விரிசல்லதான் மெழுகு அந்துப்பூச்சி ராத்திரி வந்து முட்டை வைக்கும், தேனீ தலைய விட முடியாத சந்தா பாத்து. அப்புறம் புழு வெளிய வந்து அடிப்பலகைல உதிர்ந்து கெடக்குற மெழுகுத் தூள தின்னு வளந்து, அடைக்குள்ள சுரங்கம் மாதிரி குடைஞ்சு வலை பின்னி வச்சிரும், கறுத்த பழைய அடைன்னா அதுக்கு விருந்து.

இதுல இன்னொரு கொடுமை, நம்ம தேனீக்கு ரோஷம் ஜாஸ்தி. அந்துப்பூச்சி, எறும்பு, பசி எது எல்லை மீறினாலும் சண்டை போட்டுட்டே இருக்காது, ராணிய கூட்டிக்கிட்டு மொத்தமா கெளம்பிரும். கூட்டம் பிரியறது வேற, அதுல பழைய ராணி ஒரு பகுதி கூட்டத்தோட போகும், பெட்டில மீதி கூட்டமும் புது ராணி வளர்ற அறையும் இருக்கும். இது வீட்டையே காலி பண்றது. கவனிச்சா முன்னாடியே தெரியும், ராணி முட்டை வைக்கிறது குறையும், மகரந்த உருண்டையோட வர்றவங்க குறைவாங்க, சேத்து வச்ச தேன் காலியாகிட்டே வரும். எனக்கு அப்படி ஒரு குடும்பம் போச்சு. பக்கத்து தோட்டத்து பெரியவர் காலிப் பெட்டிய பாத்ததும் 1991-92ல வந்த வைரஸ் நோய் திரும்ப வந்துருச்சுன்னாரு, அப்ப தென்னிந்தியால பெருவாரியா அழிஞ்சத பாத்தவரு, பயம் நியாயம்தான். ஆனா அந்த நோய்ல தேனீயோட புழு தண்ணி நெறஞ்ச பை மாதிரி அறைக்குள்ளயே செத்துக் கெடக்கும், இங்க செத்த புழுவே இல்ல, வலையும் அந்துப் புழுவும்தான். பெட்டி செஞ்சவன் கைங்கரியம்.

சட்டத்துக்கு நடுவுல விடுற இடைவெளியும் அதே கதை. நம்ம தேனீக்கு 7-9 மில்லிமீட்டர் இருந்தா அத நடமாடுற வழியா விட்டுரும், அதுக்கு மேல போனா அங்கயும் ஒரு அடைய கட்டி ரெண்டு சட்டத்த ஒட்ட வச்சிரும். 1851லயே லாங்ஸ்ட்ராத்னு ஒரு அமெரிக்கத் தேனீ வளர்ப்புக்காரர் கண்டுபுடிச்ச கணக்கு இது, நம்மூர் பெட்டிக்காரங்களுக்கு இன்னும் போய் சேரல போல. ஒரு சட்டம் தூக்குனா ரெண்டு வருது, நடுவுல இருந்த அடை கிழிஞ்சு தேன் ஒழுகுது, அது எறும்ப கூப்புடுது. ஸ்டாண்டு காலுக்கு தண்ணிக் கிண்ணம் குடுத்தாங்க, அதுமட்டும் நல்லா இருக்கு, ஒத்துக்கணும்.

சரி, நியாயமா பேசுவோம். இவ்வளவு திட்டியும் நான் ஏன் இன்னும் வச்சிருக்கேன்னா அந்த வாசல்தான் காரணம். காலைல டீய எடுத்துக்கிட்டு பெட்டிக்கு பக்கவாட்டுல உக்காந்தா (நேரா உக்காராத, பறக்குற வழிய மறைச்சா கொட்டும்) எந்திரிக்க மனசு வராது. வெயில் ஏறுனதும் நாலஞ்சு பேர் வாசல்ல நின்னு விசிறுவாங்க, நம்ம தேனீ தலைய வெளிப்பக்கம் வச்சு காத்த உள்ள தள்ளும், இத்தாலியன் தலைய உள்பக்கம் வச்சு காத்த வெளிய இழுக்கும். குளவி வந்து வட்டம் போட்டா வாசல்ல நிக்கிற கூட்டம் வயித்த ஆட்டி ஒரு அலை விடும் பாரு, குளவியே கொழம்பிப் போகும். அப்பயும் போகலன்னா பந்து மாதிரி சுத்தி மூடிக்கிட்டு உடம்பு சூட்டுலயே சுமார் 45 டிகிரிக்கு ஏத்தி கொன்னுரும், அந்த சூட்ட தேனீ தாங்கிக்கும், குளவி தாங்காது. ஒரு தடவ கண்ணால பாத்தேன், அன்னைக்கு ஆபீஸ் லேட்டு. தேன் எவ்ளோ வந்துச்சுன்னு கேக்காத, அதுக்காக வைக்கிறவன் இத்தாலியன் வைக்கட்டும்.

இப்ப என்ன பண்றேன்னா வாரம் ஒரு தடவ அடிப்பலகைய கழட்டி சுரண்டி வெயில்ல காட்டுறேன், தேனீ மூடி நிக்காத அடைய எடுத்துர்றேன், மழைல பூ இல்லாதப்ப சாயங்காலம் சக்கரைப் பாகு. விரிசலுக்கு மரத்தூளும் பசையும் கொழைச்சு பூசினேன், அடுத்த மழைல உதிர்ந்துருச்சு, உருக்குன மெழுகு கொஞ்ச நாள் நின்னுச்சு. இழைச்சதுதான் ஒழுங்கா உக்காந்திருக்கு.

கடைல பாக்கப் போனா ஒண்ணு பண்ணு, இருட்டுன ரூம்ல பெட்டிக்குள்ள டார்ச்ச போட்டு வாசல துணியால அடைச்சு மூடியப் போடு, வேற எங்கயாவது வெளிச்சம் கசிஞ்சா திரும்பி வந்துரு. கசியத்தான் செய்யும்.

அதனால வாங்காத மாப்ள. பெட்டி நல்ல பெட்டி, தேனீ தங்கம், ஆனா வாங்காத. வேம்பு பூக்குற பங்குனில கேட்டிருந்தா நானே வண்டில ஏத்திக் கொண்டாந்து உன் தோப்புல வச்சிருப்பேன், இப்ப ஐப்பசி மழை, ஆசாரிக்கு வேற காசு குடுத்துருக்கேன்.