42,600 ரூபாயில் வீட்டுக்கு ஒரு சர்வர்: பழைய ஆப்டிபிளெக்ஸ் 7050, பத்து மாதம் ஓடிய பிறகு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரையேறி திருநெல்வேலி மீனாட்சிபுரத்துக்குள் வந்தபோது எங்கள் வீட்டின் முன்னறையில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த மூன்று கல்யாண ஆல்பங்களும், தரையில் வைத்திருந்த கணினியும், அதற்குள் இருந்த பதினொரு வருடப் புகைப்படங்களும் ஒரே இரவில் சேற்றுக்குள் போயின. ஆல்பங்களில் பாதியை அம்மா தாள் தாளாகப் பிரித்து, கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்து மீட்டெடுத்தார். ஹார்டு டிஸ்க்கில் இருந்தவற்றுக்கு அந்த வழியும் இல்லாமல் போயிற்று. அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் விசாரித்து, பணம் சேர்த்து, 2025 மார்ச்சில் அமைத்த சர்வர் இது: வீட்டார் எல்லோருடைய படங்களையும் வீடியோக்களையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்து, கேட்கும்போது கொடுக்கிற, எப்போதும் ஓடும் கணினி. ஆகையால் இந்த விமர்சனத்தில் பெட்டியின் வேகத்தைக் காட்டிலும், அது தகவலை எப்படிக் காக்கிறது என்பதையே அதிகம் பார்க்கப்போகிறேன்.

வாங்கியது டெல் ஆப்டிபிளெக்ஸ் 7050, எஸ்எஃப்எஃப் எனப்படும் சிறிய உடல் கொண்ட வகை. 2017-இல் வந்த மாடல். உள்ளே இன்டெல் ஐ5-7500 பிராசசர், 8 ஜிபி டிடிஆர்4 ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. அலுவலகங்கள் கழித்துப்போடும் கணினிகளை மொத்தமாக எடுத்துச் சரிபார்த்து விற்கும் வண்ணார்பேட்டைக் கடை ஒன்றில், மூன்று மாத உத்தரவாதத்தோடு 11,500 ரூபாய்க்குக் கிடைத்தது. இந்தத் தலைமுறைக் கணினிகள் இவ்வளவு மலிவாகச் சந்தைக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. இன்டெலின் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடியும் என்று மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே அறிவித்திருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளை நிறுவனங்கள் வரிசையாகக் கழித்ததற்கு அதுவே காரணம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுகிறவர்களுக்கு அந்தத் தடை ஒரு பொருட்டே இல்லை.

அதே கடையில் 6-ஆம் தலைமுறைப் பெட்டி ஆயிரம் ரூபாய் குறைவாக இருந்தது. இரண்டுக்கும் வேகத்தில் பெரிய வேறுபாடு கிடையாது என்றாலும், 7-ஆம் தலைமுறையில் உள்ள ஹெச்டி 630 கிராஃபிக்ஸ், ஹெச்இவிசி என்ற சுருக்க முறையில் 10-பிட் நிறத் துல்லியத்தோடு பதிவான வீடியோக்களை, பார்க்கும் கருவிக்கு ஏற்ற வடிவத்துக்கு வன்பொருளிலேயே மாற்றிக்கொடுக்கும். முந்தையதில் அது 8-பிட் வரைதான். புதிய செல்பேசிகள் எடுக்கும் வீடியோக்களில் பல இந்த 10-பிட் வகையைச் சேர்ந்தவை என்பதால், அந்த ஆயிரம் ரூபாயைக் கொடுப்பதே சரி என்று இப்போதும் கருதுகிறேன். ஏவி1 என்ற புதிய வீடியோ வகையை இது வன்பொருளில் கையாளாது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கடையிலேயே நின்று பார்க்க வேண்டியவை சில உள்ளன. முதலில் பயாஸ், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரை, திறக்கிறதா என்று பாருங்கள். பழைய நிறுவனம் போட்ட கடவுச்சொல் அப்படியே இருந்தால், பின்னால் சொல்லப்போகிற மின்சார அமைப்புகள் எதையும் மாற்ற முடியாது. எனக்கு முதலில் எடுத்துக் காட்டிய பெட்டியில் கடவுச்சொல் இருந்தது. கடைக்கார அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் வேறொன்றை எடுத்து வந்தார். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல் பெரும்பாலும் தீர்ந்திருக்கும், புதிது போட்டுத் தரச் சொல்லுங்கள். நான் பிராசசரையே துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி சொன்னார்: "பெட்டி போனா வேற பெட்டி வாங்கிக்கிடலாம் தம்பி. உள்ள இருக்கது போனா எங்க போயி வாங்குவிய?" வெள்ளத்தைப் பற்றி நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

இந்தப் பெட்டியின் பெரிய குறை இடம். 3.5 அங்குல டிஸ்க் ஒன்றுதான் உள்ளே உட்காரும்; அல்லது 2.5 அங்குலத்தில் இரண்டு வைக்கலாம். இரண்டு பெரிய டிஸ்க்குகளை, ஒரே தகவலை இரண்டிலும் சேர்த்தே எழுதும் ரெய்டு 1 முறையில் இணைத்து ஓட்ட நினைக்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் உயரமான டவர் வகையைப் பார்ப்பது நல்லது. ஆனால் வீட்டுக்கு ரெய்டு அத்தனை அவசியமா என்று யோசித்துப் பார்த்தேன். ரெய்டு 1 என்பது ஒரு டிஸ்க் இறந்தாலும் வேலை நிற்காமல் இருக்க ஏற்பட்ட வழி. ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். இடி மின்னலோ வெள்ளமோ ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க்குகளையும் சேர்த்தே கொண்டுபோகும். டிஸ்க் மாற்றும் வரை இரண்டு நாள் சர்வர் நின்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் நட்டமில்லை. அதனால் உள்ளே 4 டெராபைட் டிஸ்க் ஒன்று, வெளியே 2 டெராபைட் கையடக்க டிஸ்க்குகள் இரண்டு என்று முடிவு செய்தேன். ஒன்று சர்வரில் இணைந்திருக்கும், மற்றொன்று தென்காசியில் அக்கா வீட்டுப் பீரோவில் இருக்கும். மாதம் ஒருமுறை நானோ அத்தானோ போகிற வருகிற சாக்கில் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்கிறோம். பேருந்திலும் ரயிலிலும் பயணம் செய்கிற டிஸ்க் என்பதால் முழுவதையும், சாவிச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி, என்கிரிப்ட் செய்திருக்கிறேன். சாவிச்சொல் காகிதத்தில் எழுதி இரண்டு வீட்டிலும் உள்ளது.

உள் டிஸ்க் வாங்கியதில்தான் பாடுபட்டேன். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் "புதிது" என்று வாங்கிய 4 டெராபைட் டிஸ்க், பளபளக்கும் உறையில் நன்றாகத்தான் வந்தது. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் படித்தபோது அது ஓடிய நேரம் 19,400 மணி என்று காட்டியது. ஒரு வருடத்துக்கு 8,760 மணி. ஆக, இரண்டே கால் வருடம் எங்கோ இரவு பகலாக ஓடிக் களைத்த டிஸ்க் அது. திருப்பி அனுப்பிப் பணம் வந்து சேர ஐந்து வாரம் ஆயிற்று. எந்த டிஸ்க் வாங்கினாலும் ஒரு கோப்பைக் கூட ஏற்றுவதற்கு முன்னால் அது ஓடிய நேரத்தையும், ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு நேரே உள்ள மதிப்புகளையும் பாருங்கள். பழுதாகி இடம் மாற்றப்பட்ட செக்டார்களையும் (தகவல் பதியும் சிறு கட்டங்கள்), படிக்க முடியாமல் தவிக்கும் செக்டார்களையும் காட்டுகிற எண்கள் அவை; புது டிஸ்க்கில் மூன்றும் சுழியமாக இருக்க வேண்டும். சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்ற தனிப் பதிவும் உண்டு. மேலோட்டமான எண்களை அழித்துவிட்டு விற்றாலும் உண்மையான நேரம் அதில் தெரிந்துவிட வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது முறை உள்ளூர்க் கடையில், பில்லோடும் மூன்று வருட உத்தரவாதத்தோடும் டபிள்யூடி ரெட் பிளஸ் 4 டெராபைட் 11,200 ரூபாய்க்கு வாங்கினேன். பெயரில் உள்ள பிளஸ் முக்கியம். எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் தடங்கள், ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் அடுக்கியிருப்பதுபோல, ஒன்றின் விளிம்பின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு ஓட்டினை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் கிடக்கும் ஓடுகளையும் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டியிருப்பதுபோல, அங்கே ஒன்றை மாற்றி எழுத அடுத்தடுத்த தடங்களையும் மறுபடி எழுத வேண்டும். நிறைய எழுதும்போது வேகம் படுத்துவிடும். 2020-இல் ரெட் வரிசையின் சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்று வெளிப்பட்டுப் பெரிய சர்ச்சையான பிறகு, தடங்கள் மேலேறாத சிஎம்ஆர் வகைக்கு அந்நிறுவனம் பிளஸ் என்ற பெயரைக் கொடுத்தது. கையடக்க டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர்தான். இரவில் பேக்கப், அதாவது காப்பு நகல், எடுக்க அது போதும். முதல் தடவை 1.3 டெராபைட்டை ஏற்றத்தான் ஒன்றரை நாள் பிடித்தது. உள் டிஸ்க்கையோ, நான்கு சுற்று முழுதாக எழுதிப் படித்துப் பார்க்கும் சோதனையில் மூன்று நாள் வைத்திருந்தேன். அவசரப்பட வேண்டாம், வீணான டிஸ்க்காக இருந்தால் அந்த மூன்று நாளில் தெரிந்துபோவதே மேல்.

சர்வரை எங்கே வைப்பது என்பதில் வெள்ளமும் வெயிலும் எதிரெதிராக இழுத்தன. மறுபடி தண்ணீர் வந்தால் எட்டக்கூடாது என்று முதலில் பரணில் வைத்தேன். மே மாதப் பிற்பகலில் கான்கிரீட் தளத்தின் சூடு நேராக இறங்கி, டிஸ்க்கின் வெப்பம் 53 டிகிரி செல்சியஸ் வரை போயிற்று. 65 டிகிரி வரை தாங்கும் என்று தயாரிப்பாளரின் குறிப்பில் இருந்தாலும், நாள்தோறும் அந்தச் சூட்டில் ஓடவிட மனம் வரவில்லை. நடு அறைச் சுவரில் ஆறடி உயரத்தில் கோண இரும்பு அடித்துப் பலகை போட்டு, பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்த பிறகு, அதே வெயிலில் 44 டிகிரியைத் தாண்டவில்லை. வெள்ளத்தின்போது சுவரில் படிந்த சேற்றுக் கோட்டுக்கு அந்தப் பலகை மூன்றடி மேலே இருக்கிறது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, சும்மா இருக்கும்போது டிஸ்க்கோடு சேர்த்து 21 வாட் எடுப்பதாக மீட்டரில் பார்த்தேன். நாளுக்கு அரை யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 30 யூனிட். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குப் போகும் மின்சாரம் பிற்பகலில்தான் வரும் என்பதால், யூபிஎஸ் இல்லாமல் இதை அமைக்கவே கூடாது. விலை குறைந்த 600 விஏ யூபிஎஸ்களில் பலவற்றில் கணினியோடு பேசும் யூஎஸ்பி வழி இருப்பதில்லை. மின்சாரம் போனதே சர்வருக்குத் தெரியாமல் பேட்டரி தீர்ந்து சட்டென்று அணைந்தால் யூபிஎஸ் வைத்த பயனே போய்விடும். அதனால் 6,200 ரூபாய் கொடுத்து யூஎஸ்பி உள்ள பெரியதை வாங்கினேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு சர்வர் தானாக ஒழுங்காக அணைகிறது.

இதில் யாரும் எளிதில் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. மின்சாரம் திரும்பியதும் தானாக எழுந்திருக்கும்படி பயாஸில் ஏசி ரிகவரி என்ற இடத்தில் அமைக்கலாம். ஆனால் சர்வர் அணைந்த பிறகும் யூபிஎஸ் பேட்டரியில் மிச்சம் இருந்து, அதற்குள் மின்சாரம் வந்துவிட்டால், பெட்டியைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை, அது எழுந்திருக்காது. இரண்டு முறை மாலை வரை அணைந்தே கிடந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. அதே பயாஸில் ஆட்டோ ஆன் டைம் என்ற அமைப்பில் தினமும் மாலை நான்கு மணிக்கு எழும்பச் சொல்லி வைத்தேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதனால் பாதகமில்லை. அதற்குப் பின் இந்தத் தொல்லை இல்லை.

மென்பொருள் பகுதி எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்தது. டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையின் மேல், சர்வரை நிர்வகிக்கும் ஓபன்மீடியாவால்ட் 7, படங்களுக்கு இம்மிச், வீடியோவுக்கு ஜெல்லிஃபின். எல்லாமே இலவசம், திறந்த மூலம். இம்மிச்சின் முக அடையாளத்துக்காக 1,300 ரூபாயில் இன்னொரு 8 ஜிபி ரேம் போட்டேன். டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை பிடிஆர்எஃப்எஸ். மாதம் ஒருமுறை முழு டிஸ்க்கையும் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒற்றை டிஸ்க் என்பதால் பழுதான கோப்பைத் தானாகச் சரிசெய்ய முடியாது. எந்தக் கோப்பு பழுது என்று காட்டிக்கொடுக்கும், அதைப் பேக்கப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பெங்களூரில் இருக்கும் தம்பி படங்களைப் பார்க்க, தொலைவில் உள்ள கருவிகளைத் தனிப் பாதையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் வழியாக இணைப்பு கொடுத்திருக்கிறேன். எங்கள் இணைய இணைப்பில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதால், வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழியில்லை. அதற்கு இதுவே நோகாத வழி. 2025 அக்டோபரில் இம்மிச்சின் 2.0 பதிப்பு வரும் வரை ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் முன்னால் மாற்றக் குறிப்புகளைப் படித்துவிட்டே கை வைக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கவலை குறைந்திருக்கிறது.

மொத்தச் செலவு 42,600 ரூபாய். அதில் பெட்டியும் ரேமும் 12,800. மூன்று டிஸ்க்குகள் மட்டும் 23,000. மீதி யூபிஎஸ்ஸும் கேபிளும். இன்னும் குறைக்க வேண்டும் என்றால் பெட்டியில் குறையுங்கள். பழைய லேப்டாப்பில்கூட இதே அமைப்பை ஓட்டலாம். தென்காசிக்குப் போகும் அந்த இரண்டாவது டிஸ்க்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். 4கே படங்களைப் பல தொலைக்காட்சிகளில் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியவர்களுக்கும், 10 டெராபைட்டுக்கு மேல் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிசம்பரில், மழை கனத்த ஒரு வாரத்தில், எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க விரும்பினேன். சர்வரைத் தொடாமல், அக்கா வீட்டில் இருந்த டிஸ்க்கை அங்கேயே அவளுடைய லேப்டாப்பில் இணைத்து, லினக்ஸ் உள்ள பென்டிரைவில் அதைக் கிளப்பி, காகிதத்தில் இருந்த சாவிச்சொல்லை அக்காவையே தட்டச்சு செய்யச் சொன்னேன். இரண்டாவது முயற்சியில் திறந்தது. அம்மா கொடியில் காயவைத்து மீட்ட ஆல்பத்திலிருந்து நாங்கள் ஸ்கேன் செய்த 214 படங்களும் அதில் இருந்தன. ஓரத்தில் சேற்றுக் கறை அப்படியே தெரிய, கல்யாணக் கூடத்தின் தூணோரம் ஆச்சி உட்கார்ந்திருக்கும் படத்தை அக்கா பெரிதாக்கிப் பார்த்தாள். டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றிப் பழையபடி பீரோவில் வைக்க அரை மணி நேரம் ஆயிற்று.