செல்லுலோஸ் நுண்ணிழை: அசிடேட் வழியா, நேரடிக் கரைசலா?

பருத்தியிலும் மரத்திலும் உள்ள நார்ப்பொருளான செல்லுலோஸ் சூட்டில் உருகாது, கருகிவிடும். தண்ணீரிலோ அசிட்டோனிலோ கரையவும் கரையாது. அதன் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் அவ்வளவு இறுக்கம். எனவே மின்புலத்தில் இழை நூற்க, அதாவது ஊசிமுனையிலிருந்து கரைசலை உயர் மின்னழுத்தத்தால் மெல்லிய தாரையாக இழுத்து நுண்ணிழையாக்க, ஏதாவது சுற்றுவழி வேண்டும்.

செல்லுலோஸில் அசிட்டைல் தொகுதிகளை ஏற்றிய, கரையக்கூடிய வடிவமான செல்லுலோஸ் அசிடேட்டை நூற்றுவிட்டு, பிறகு அசிட்டைல் தொகுதிகளை நீக்குவது பழகிய பாதை. அசிட்டோன் மட்டும் போட்டால் தொல்லை: 56 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் திரவம், ஊசிமுனையில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். 2 பங்கு அசிட்டோனுக்கு மெதுவாக ஆவியாகும் கரைப்பானான டைமெத்தில் அசிட்டமைடு 1 பங்கு சேர்த்தால் தாரை சீராக ஓடும். அப்புறம் நீர்த்த காரத்தில் ஊறவைத்து அலசினால் செல்லுலோஸ் இழை கையில்.

அயனித் திரவத்தில் (குறைந்த சூட்டிலேயே திரவமாக இருக்கும் உப்பு) செல்லுலோஸையே கரைத்து நூற்பது மற்றப் பாதை. இந்தத் திரவம் நடைமுறையில் ஆவியாவதில்லை. வெறும் தகட்டில் விழுந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்துவிடும். தண்ணீர்த் தொட்டியில்தான் இறக்க வேண்டும். கரைசலும் கெட்டி. ஆனால் ஹெப்பாரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து), கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்) போன்றவற்றைக் கரைசலிலேயே கலந்து கூட்டிழை செய்ய இதுதான் தோது. கலக்கும் பொருள் காரத்தில் கெடக்கூடியதென்றால் வேறு யோசனையே வேண்டாம்.

வெறும் வடிகட்டிச் சவ்வுக்கு என் ஓட்டு அசிடேட்டுக்கே. விலை கூடிய அயனித் திரவத்தை மீட்காமல் கழுவி ஊற்றினால் கட்டுப்படியாகாது.