அமெரிக்கக் காங்கிரஸ் கலைப் போட்டி: தொகுதிக்கு ஒரே ஓவியம்

அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்காக, அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் 1982 முதல் தத்தம் தொகுதிகளில் நடத்திவருவது காங்கிரஸ் கலைப் போட்டி. இதுவரை 6,50,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இதில் பங்கேற்றிருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. தொகுதியில் முதலிடம் பெறும் படைப்பு, வாஷிங்டனில் உறுப்பினர்களின் அலுவலகங்கள் உள்ள கேனன் கட்டடத்தையும் நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலையும் இணைக்கும் சுரங்க நடைபாதையின் சுவரில் ஏறக்குறைய ஓர் ஆண்டுக்கு மாட்டிவைக்கப்படுகிறது. பதினாறு வயதுப் பிள்ளை வரைந்த படத்தைக் கடந்து நாட்டின் சட்டங்களை இயற்றுவோர் நாள்தோறும் நடந்து செல்வது எந்தப் பரிசுத் தொகையாலும் ஈடுசெய்ய முடியாத மதிப்பு என்பது என் கருத்து. ஆகவே ஓவியத்தில் ஆர்வமுள்ள மாணவர்கள் இதில் கலந்துகொள்ள வேண்டும் என்றே பரிந்துரைப்பேன். ஆனால் தூரிகையை எடுக்கும் முன்பே விதிகளை முழுமையாகப் படித்துவிட வேண்டும். குறிப்பாக அவற்றுள் இரண்டு, நல்ல படைப்புகளையும் வெளியே தள்ளிவிடக்கூடியவை.

முதலாவது, அசல் தன்மை பற்றிய விதி. கருத்து, வடிவமைப்பு, ஆக்கம் ஆகிய மூன்றும் மாணவருடையவையாகவே இருக்க வேண்டும். பிறர் எடுத்த புகைப்படத்தையோ, இணையத்தில் கிடைத்த படத்தையோ, வேறொருவரின் ஓவியத்தையோ, விளம்பரத்தையோ பார்த்து அப்படியே வரைந்ததை ஏற்கமாட்டார்கள். இந்த வயதில் பிள்ளைகள் பலரும் பிரபலமானவர்களின் முகங்களைப் பத்திரிகைப் படங்களிலிருந்து பென்சிலால் வரைந்துதான் கைத்திறனை வளர்க்கிறார்கள். பயிற்சியாக அது நல்லதே. எனினும் எத்தனை நுணுக்கமாக வரையப்பட்டிருந்தாலும் அத்தகைய படத்துக்கு இங்கே இடமில்லை. பாட்டியின் கைகளையோ பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவர்களையோ மாணவரே நேரில் பார்த்தோ, தானே புகைப்படம் எடுத்தோ வரைந்தால் இந்தச் சிக்கல் எழாது. படைப்பு அசலானது என்பதற்கு மாணவருடன் பெற்றோரும் ஓவிய ஆசிரியரும் படிவத்தில் கையொப்பமிட வேண்டியிருப்பதால், ஆசிரியரிடம் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது. பிறர் உழைப்பை மதிக்கக் கற்றுத்தரும் இந்த விதியை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன்.

இரண்டாவது விதியை அப்படி ஆதரிக்க முடியவில்லை. சமகால அரசியல் சர்ச்சைகளைச் சித்திரிப்பவை, பரபரப்பை நாடுபவை, கோரமானவை ஆகிய படைப்புகளைக் காட்சிக்கு வைக்க இயலாது என்று வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. எது சர்ச்சை என்பதற்குத் தெளிவான வரையறை இல்லை. மிசூரி மாநிலத்தின் முதல் தொகுதியில் 2016-இல் வென்ற ஓவியம் இதற்குச் சான்று. கறுப்பின இளைஞர் ஒருவரைக் காவலர் சுட்டுக் கொன்றதை எதிர்த்து அம்மாநிலத்தின் ஃபெர்குசன் நகரில் 2014-இல் எழுந்த போராட்டங்களின் பின்னணியில், காவலர்களை விலங்கு முகத்துடன் காட்டிய அந்த ஓவியம் பல மாதங்கள் எந்தத் தடையுமின்றிச் சுவரில் இருந்தது. 2017 ஜனவரியில் வேறு மாநில உறுப்பினர் ஒருவர் அதைத் தம் கையாலேயே கழற்றினார். தொகுதி உறுப்பினர் அதை மீண்டும் மாட்டினார். இறுதியில் கேப்பிட்டலின் கட்டட நிர்வாகி, நெறிகளுக்குப் புறம்பானது என்று கூறி அகற்றிவிட்டார். ஓவியத்தைத் திரும்ப மாட்ட உத்தரவிடக் கோரி மாணவரும் தொகுதி உறுப்பினரும் தொடுத்த வழக்கில், அங்கே காட்சிக்கு வைக்கப்படுபவை மாணவரின் கூற்றாக அல்ல, அரசின் கூற்றாகவே கருதப்படும், ஆகவே பேச்சுரிமை அதற்குப் பொருந்தாது என்ற அடிப்படையில் நீதிமன்றம் ஏப்ரலில் மறுத்துவிட்டது. தேர்ந்தெடுத்து, அனுப்பி, மாட்டிவைத்த பிறகு ஒரு மாணவரின் படைப்பை இறக்குவது அவருக்கு இழைக்கப்படும் அநீதி. ஒரு படைப்பு பொருந்தாது என்றால், தொகுதி நிலையிலேயே காரணத்தோடு சொல்லிவிட வேண்டும். சமூக நிகழ்வுகளைக் கூர்மையாக வரைய விரும்பும் மாணவர்கள், அத்தகைய படைப்பை வேறு மேடைக்கு வைத்துக்கொள்வதே இப்போதைக்கு நல்ல வழி.

மற்ற விதிகள் எளியவை. தட்டைப் பரப்பில் அமைந்த படைப்புகள் மட்டுமே ஏற்கப்படும்: ஓவியம், கோட்டோவியம், ஒட்டோவியம், அச்சு, புகைப்படம், கணினி வரைகலை போன்றவை. சிற்பம் செய்பவர்களுக்கு வாய்ப்பில்லை. ஃபிரேமையும் சேர்த்து நீளமும் அகலமும் 26 அங்குலத்தையும், கனம் 4 அங்குலத்தையும், எடை 15 பவுண்டையும் தாண்டக் கூடாது; ஆகவே பெரிய கேன்வாஸில் தொடங்கிவிட்டுப் பின்னர் வருந்த நேரலாம்.

தேர்வு முறையைப் பொறுத்தவரை, நாடு முழுவதற்கும் பொதுவான மதிப்பெண் முறை இல்லை. உறுப்பினர் விரும்பினால்தான் அவர் தொகுதியில் போட்டி நடக்கும். நடுவர்களையும் கடைசி நாளையும் அவர் அலுவலகமே முடிவு செய்யும். பெரும்பாலும் உள்ளூர் ஓவியர்களும் கலை ஆசிரியர்களும் நடுவர்களாக அமர்கிறார்கள். அமெரிக்க மாணவர்களுக்கான மற்றொரு போட்டியான, 1923-இல் தொடங்கிய ஸ்கொலாஸ்டிக் கலை, எழுத்து விருதுகளில் அசல் தன்மை, நுட்பத் திறன், தனிப்பட்ட பார்வை என மூன்று அளவுகோல்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. படைத்தவரின் பெயர் அறியாமலேயே மதிப்பிடுகிறார்கள். அந்தத் தெளிவை இங்கே எதிர்பார்க்க முடியாது. இதற்கு மாறாக, இங்கே மாணவர் போட்டியிடுவது தம் தொகுதிப் பிள்ளைகளோடு மட்டுமே. பெருநகரக் கலைப் பள்ளிகளில் பயிற்சி பெற்றவர்களோடு மோத வேண்டிய நிலை சிற்றூர்ப் பள்ளி மாணவருக்கு இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். வென்ற படைப்பு ஓராண்டுக்குக் கைக்கு வராது. ஆகவே அனுப்புவதற்கு முன் நல்ல வெளிச்சத்தில், ஃபிரேம் போடாத நிலையில், தரமான படங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு அவை கட்டாயம் தேவைப்படும்.