இயந்திர மறுஎண்ணிக்கையா, கையால் எண்ணுவதா? வாஷிங்டன் கவர்னர் தேர்தல், 2004

அமெரிக்காவில், சியாட்டில் நகரம் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் கவர்னர் (மாநில அரசின் தலைவர்) பதவிக்கு 2004 நவம்பரில் நடந்த ஒரே தேர்தலை மூன்று முறை எண்ணினார்கள். பதிவான வாக்குகள் ஏறத்தாழ 28 லட்சம். முதல் சுற்றில் குடியரசுக் கட்சியின் டினோ ராஸி 261 வாக்கு முன்னிலை. இயந்திர மறுஎண்ணிக்கையில் அது 42 ஆகச் சுருங்கியது. கையால் எண்ணி முடித்தபோது ஜனநாயகக் கட்சியின் கிறிஸ்டின் கிரெக்வார் 129 வாக்கில் ஜெயித்திருந்தார்.

செலவில் இயந்திரமே மலிவு. வித்தியாசம் 2,000-க்குக் கீழே, அரை சதவீதத்துக்கும் குறைவு என்பதால் அன்றைய சட்டப்படி அது தானாக நடந்தது. ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. அதன்பிறகும் கையால் எண்ணு என்று கேட்டால், கேட்பவர் முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. ஜனநாயகக் கட்சி சுமார் 7,30,000 டாலர் கட்டியது. முடிவு தலைகீழானால் பணம் திரும்பக் கிடைக்கும், கிடைத்தது.

துல்லியத்தில்தான் கணக்கு மாறுகிறது. கட்டத்தை நிரப்பாமல் டிக் அடித்தவர், வேட்பாளர் பெயரைச் சுற்றி வட்டமிட்டவர் ஆகியோரின் சீட்டு ஸ்கேனருக்கு வெற்றுச் சீட்டு. மனிதக் கண்ணுக்கு அப்படி இல்லை. கை எண்ணிக்கையில் ராஸிக்கு 748, கிரெக்வாருக்கு 919 வாக்கு கூடியது இதையும் சேர்த்துத்தான். ஆனால் மனிதர் களைத்துப்போவார், சீட்டு தவறான கட்டில் சேரும். அதனால்தான் இரு கட்சி ஆட்களையும் மேஜையில் உட்கார வைத்து, கணக்கு ஒத்துப்போகும்வரை எண்ண வைக்கிறார்கள்.

இரண்டு முறைக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு: குவியலுக்குள் வராத சீட்டை எதுவும் எண்ணாது. சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) 700-க்கும் மேற்பட்ட தபால் வாக்குகள், கையெழுத்து கணினியில் இல்லை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. காகிதக் கோப்பைப் புரட்டியிருந்தால் கிடைத்திருக்கும்! கவுண்டி கவுன்சில் தலைவர் லாரி ஃபிலிப்ஸ், நிராகரிக்கப்பட்டோர் பட்டியலில் தன் பெயரையே பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மாநில உச்ச நீதிமன்றம் டிசம்பர் 22-ல் அவற்றைப் பரிசீலிக்க அனுமதித்தது. அவை இல்லாமலே கிரெக்வார் 10 வாக்கு முன்னே வந்துவிட்டார். அதை 129-க்கு நகர்த்தியதில் பெரும்பங்கு இந்த உறைகளுக்கு. கிங் கவுண்டி அவருடைய கோட்டை என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை.

ஆக, வித்தியாசம் இரண்டு மூன்று இலக்கத்தில் நின்றால் கை எண்ணிக்கைக்கே என் வாக்கு. ஆனால் முன்பணம் கட்டும் முன்பே நிராகரிப்புப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பிறகு வழக்குக்குப் போனால் கடினம். ராஸி தரப்பு தொடுத்த வழக்கில், 1,678 சட்டவிரோத வாக்குகள் பதிவானதாக ஒப்புக்கொண்ட நீதிபதி ஜான் பிரிட்ஜஸ், அவை யாருக்கு விழுந்தன என்று நிரூபிக்காமல் விகிதாசாரமாகக் கழிக்க மறுத்தார். நிரூபணமான 4 வாக்கு ராஸியிடமிருந்தே கழிந்தது. 2005 ஜூனில் வித்தியாசம் 133 ஆனது.