இடுப்பெலும்பு முறிவுக்குப் பிறகு: சீமெய், ஈசூன் அல்லது நம் வீடு

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த சில நாள்களிலேயே, பொது மருத்துவமனையின் மருத்துவச் சமூக சேவையாளர் கட்டிலருகே வந்து, அடுத்து எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்பார். பெரும்பாலான குடும்பங்கள் அந்தக் கேள்விக்கு ஆயத்தமாக இருப்பதில்லை. சிங்கப்பூரின் தெம்பனிஸில் வசிக்கும் என் மாமாவுக்கு இந்த நிலை வந்தபோது எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, வீட்டுக்கு அருகில் சீமெய்யில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் சமூக மருத்துவமனை (பொது மருத்துவமனையில் சிகிச்சை முடிந்தவர்கள் உடல் தேறும்வரை தங்கிப் பயிற்சி பெறும் இடம்); இரண்டு, அவருடைய மகள் குடியிருக்கும் ஈசூனில் உள்ள சமூக மருத்துவமனை; மூன்று, நேரே வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பணிப்பெண்ணின் உதவியோடு பார்த்துக்கொள்வது.

செயின்ட் ஆண்ட்ரூஸின் வேர் நூறாண்டுக்கும் மேற்பட்டது. ஆங்கிலிக்கன் பேராயரின் மனைவியும் மருத்துவருமான சார்லட் ஃபெர்குசன்-டேவி, 1913இல் பென்கூலன் ஸ்திரீட்டில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக ஒரு மருந்தகத்தைத் தொடங்கினார். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டத் தயங்கி, நோயோடு வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த பெண்கள் இருந்த காலம் அது. 1923இல் எர்ஸ்கின் சாலையில் மருத்துவமனை எழுந்தது. 1939இல், எலும்பிலும் மூட்டிலும் காசநோய் பற்றிய பிள்ளைகளுக்காக, வெயிலும் கடற்காற்றும் கிடைக்கும் சிக்லாப்பில் தனி மருத்துவமனை அமைந்தது. எழுந்து நடக்க முடியாதவரைப் பொறுமையாக நடக்க வைக்கும் வேலை அங்கே அப்போதே தொடங்கிவிட்டது என்றுதான் நான் கருதுகிறேன். எலியட் சாலையில் 1992இல் திறக்கப்பட்ட சமூக மருத்துவமனை, 2005இல் சாங்கி பொது மருத்துவமனையை ஒட்டிச் சீமெய்க்கு இடம் மாறியது. இந்த இடமாற்றம் நோயாளிக்குப் பெரிய நன்மை. புண்ணில் சீழ் வைத்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ பெரிய மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.

ஈசூன் சமூக மருத்துவமனைக்கு அத்தகைய நெடிய கதை கிடையாது. 428 படுக்கைகளோடு 2015 டிசம்பரில் திறக்கப்பட்ட அரசாங்க மருத்துவமனை அது. 2010இல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனைக்குப் பக்கத்தில், தொடக்கத்திலிருந்தே அதன் துணையாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. ஜூரோங்கிலும் ஊட்ரமிலும் பின்பற்றப்பட்டதும் இதே முறைதான். தொண்டூழிய அமைப்பு நடத்துவதா, அரசாங்கம் நடத்துவதா என்று எங்கள் வீட்டில் நீண்ட நேரம் பேசினோம். ஆனால் அன்றாடச் சிகிச்சையை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலும் மருத்துவரும் தாதியரும் இருக்கிறார்கள். இயன்மருத்துவமும், அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் தொழில்வழி சிகிச்சையும் கிடைக்கின்றன. விழுங்கச் சிரமப்படுவோருக்குப் பேச்சு சிகிச்சையாளர் உதவுகிறார். குடும்பத்தின் தலைக்கான வருமானத்தைக் கணக்கிட்டு அரசாங்க மானியம் இரு இடத்திலும் வழங்கப்படுகிறது. மருத்துவச் சேமிப்பான மெடிசேவையும், தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபையும் பயன்படுத்தலாம். ஆகவே, தொண்டு மருத்துவமனை என்றால் செலவு குறையும் என்றோ, அரசாங்கக் கட்டடம் என்றால் கவனிப்பு கூடும் என்றோ எண்ணி முடிவெடுப்பது சரியாக இராது. கட்டில் காலியாக இருப்பதைப் பொறுத்தே இடம் கிடைக்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். நம் விருப்பத்தைச் சொல்லலாம். அது நிறைவேறியே தீரும் என்று இருந்துவிட முடியாது.

உண்மையான வேறுபாடு யார் நாள்தோறும் உள்ளே போய் உட்காரப் போகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. இதை நான் கற்றுக்கொண்டது என் அம்மாவின் அனுபவத்தில். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு சமூக மருத்துவமனையில் அவர் மூன்று வாரம் இருந்தார். முதல் வாரம் நாங்கள் மாலையில் மட்டுமே போனோம். பகலில் பயிற்சி கொடுத்த சிகிச்சையாளர் ஆங்கிலத்தில் வலிக்கிறதா என்று கேட்டபோதெல்லாம், அம்மா மரியாதைக்காகத் தலையாட்டி, “ஓகே, ஓகே” என்று சொல்லியிருக்கிறார். வலி இல்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் தொடை இழுத்துப் பிடித்து, இரவில் அவர் தூங்கவே இல்லை. இரண்டாம் வாரம் அக்கா விடுப்பெடுத்துக் காலையிலேயே போய் உட்கார்ந்தார். அன்றே வலிமருந்தின் நேரம் பயிற்சிக்கு முன்னதாக மாற்றப்பட்டது. இரு கம்பிகளுக்கு இடையே நான்கு எட்டு வைத்ததும் நின்றுவிட்டவர், அந்த வாரக் கடைசியில் கம்பியின் கடைசி முனை வரை நடந்தார்.

குடும்பத்தார் பகலில் அங்கே இருப்பதால் இன்னொரு பயனும் உண்டு. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது, எந்தப் பக்கம் நின்று தாங்குவது என்பதையெல்லாம் பராமரிப்பவருக்கே கைப்பிடித்துக் கற்றுத் தருகிறார்கள். எங்கள் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் குளியலறை வாசலில் ஒரு சாண் உயரத் திட்டு உண்டு. அதே உயரத்துக்கு ஒரு பலகையை வைத்து, நல்ல காலை முதலில் ஏற்று, இறங்கும்போது அடிபட்ட காலை முதலில் வை என்று அம்மாவுக்குப் பழக்கினார்கள். அக்கா அந்தத் திட்டை அளந்து, படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டியிராவிட்டால் இது நடந்திருக்காது.

அப்படியானால் நேரே வீட்டுக்கே போய்விடலாமே என்று என் மாமா கேட்டார். வீட்டுச் சோற்றையும் சொந்தக் கட்டிலையும் விரும்பாத முதியவர் யார்? வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் சேவைகளும், பகல்நேர மறுவாழ்வு நிலையங்களும் இருக்கின்றன. முதியோருக்கு ஏற்ப வீட்டை மாற்றியமைக்க உதவும் வீவகவின் ஈஸ் திட்டத்தின்கீழ் கைப்பிடிகளைக் குறைந்த செலவில் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் சிகிச்சையாளரை நாள்தோறும் எதிர்பார்க்க முடியாது. மருத்துவமனையில் வார நாள்களில் பயிற்சி தொடர்ந்து நடக்கும். எலும்பு முறிவுக்கோ பக்கவாதத்துக்கோ பிந்திய தொடக்க வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றத்தைப் பின்னால் ஈடுசெய்வது கடினம். அறுவை சிகிச்சைக்கு முன்பே தெம்பாக நடமாடியவர், பகல் முழுவதும் கூடவே இருக்க ஆள் உள்ளவர் என்றால் வீடு நல்ல தேர்வு. புதிதாக வந்த பணிப்பெண்ணிடம் மட்டும் விட்டுவிட்டு எல்லாரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒருமுறை வழுக்கி விழுந்தால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

தாதிமை இல்லத்தைப் பற்றியும் சிலர் இப்போதே பேசத் தொடங்குகிறார்கள். சிராங்கூன் சாலையில் 1910 முதல் இயங்கும் குவோங் வாய் ஷியூவை நம்மில் பலர் தேக்காவுக்குப் போகும்போதெல்லாம் பேருந்திலிருந்து பார்த்திருப்போம். அத்தகைய இல்லங்கள் நீண்டகாலப் பராமரிப்புக்கானவை. நடக்க வாய்ப்புள்ள ஒருவரை முதல் மாதத்திலேயே அங்கு அனுப்ப எண்ணுவது அவசரம்.

மாமாவின் மகளுக்கு இரவுப் பணி என்பதால், பகலில் அவர் ஈசூனில் இருந்தாலும் தூங்கியாக வேண்டும். அத்தையோ சீமெய்க்கு இரண்டு நிறுத்தம் பேருந்தில் போய், காலை ஒன்பது மணிக்கே அங்கே இருக்க முடியும். எனவே முதல் விருப்பமாகச் சீமெய்யை எழுதிக் கொடுத்தோம். குளியலறை வாசலின் உயரத்தை அத்தை ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிறார்.