தங்கச்சிமடம் டூ ராமேஸ்வரம்: கரண்ட் ஷேர் ஆட்டோவுல ரெண்டு வருசமா போனதுல தெரிஞ்சது

வேலை ராமேஸ்வரத்துல, வீடு தங்கச்சிமடம். ரெண்டு வருசத்துக்கு மேலயே பச்ச நம்பர் பிளேட் போட்ட கரண்ட் ஷேர் ஆட்டோலதான் போக்குவரத்து. ஏறலாமா, இல்ல வாங்கி ஓட்டலாமான்னு ரெண்டு கேள்வியும் நெறைய பேரு கேக்குறாங்க, நான் ஓட்டுறவன் இல்ல, டிரைவர் பக்கத்துல ஒக்காந்து கத கேட்டுட்டே போறவன், அந்தக் கணக்குல எடுத்துக்கங்க.

புகை வராது, சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு சொல்லியெல்லாம் எங்கூர்ல ஒரு ஆள ஏத்த முடியாதுங்க. சனம் ஏறுனது வண்டி சீக்கிரம் கெளம்புறதால. டீசல் ஆட்டோ ஆளு ரொம்புற வரைக்கும் நகராது, டிரைவர் சீட்டுல ஒருத்தர் பாதி ஒடம்ப வெளிய விட்டுத் தொங்குனாத்தான் அவருக்கு டீசல் காசு கட்டும். கரண்ட் வண்டி நாலஞ்சு யூனிட்ல அம்பது கிலோமீட்டர் ஓடிருது, யூனிட் பத்து ரூபான்னே வைங்க, கிலோமீட்டருக்கு ஒரு ரூபா ஆகுறதே பெருசு. அதனால ரெண்டு பேரு ஒக்காந்தாலே எடுத்துர்றாங்க, மிச்ச ஆளுக வழில ஏறிக்கும். காலைல டூட்டிக்குப் போறவனுக்கு இத விட என்ன வேணும்? போதாததுக்கு பேட்டரி வண்டிக்கு பர்மிட் வேணாம்னு 2018-லயே சொல்லிட்டாங்க, எங்க ஸ்டாண்டுல பாதிப் பேரு அத நம்பித்தான் லோன் போட்டாங்க.

சத்தம் இல்லாதது சுகம்தான், போன் பேசிட்டே போலாம். ஆனா ரோட்டுல படுத்துருக்க ஆட்டுக்கு வண்டி வர்றது தெரியாது, ஹாரன் அடிச்சே டிரைவர் கை ஓஞ்சுரும்.

வாங்கப் போறவங்க கவனிக்க வேண்டியது உப்பு. சார்ஜர் சொருகுற எடத்துல செம்புப் பின்னு பச்ச பூத்துருது, சூடு ஏறுது, நாம வண்டி சார்ஜ் ஆவுதுன்னு நெனச்சுட்டுத் தூங்குனா காலைல பாதி கூட ஏறியிருக்காது. நான் போற வண்டி அண்ணே தெனம் காஞ்ச துணில தொடச்சு, பாலித்தீன் கவர் போட்டு ரப்பர் பேண்டு மாட்டி வைப்பாரு. கம்பெனி ஆளுகிட்ட கேட்டா உப்புக்காத்துக்கு வாரண்டி இல்லங்குறாங்களாம், கடற்கரைல விக்கிறவங்க சொல்ற பேச்சா இது? கச்சான் காத்து, அதான் மேக்க இருந்து வர்ற காத்து, அடிக்கிற மாசத்துல பாம்பன் ரோட்டுப் பாலத்து மேல எதிர்காத்துல போனா சார்ஜ் எறங்குறது கண்ணுக்கே தெரியும். லோ ஸ்பீடு இ-ரிக்‌ஷா பக்கம் போயிராதீங்க, அதுக்கு ரூல்படியே 25 கிலோமீட்டர்தான் வேகம், ஊருக்குள்ள ஓட்டலாம், ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளமுள்ள பாலத்துல பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவுல அது சரிப்படாது.

எனக்குப் பிடிக்காத விசயம், மீன் கூடைய ஏத்த மாட்டேங்குறது. ஐஸ் தண்ணி சொட்டும், அடில இருக்க ஒயரு போயிரும்னு பயம், நாயந்தான், ஆனா ஏலம் எடுத்துட்டு விடியக்காலைலயே நிக்கிற அக்காமார்தான் இந்த ரோட்டுல மொத ஷேர் சவாரி, அவங்க இன்னும் டீசல் ஆட்டோக்குத்தான் கை காட்டுறாங்க. ஒருத்தரு மட்டும் பின்னாடி விளிம்பு வச்ச தகர டிரே அடிச்சு, தண்ணி வெளிய போக டியூப் விட்டுருக்காரு, கூடைக்குத் தனியா இருவது ரூபா. அவருக்கு ஆளு தேட வேண்டிய வேலையே இல்ல.

ராத்திரிதான் இன்னொரு தலவலி. பகல்ல டூரிஸ்ட்டு கெடச்சா தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போயிர்றாங்க, போக வர நாப்பது கிலோமீட்டர் சார்ஜ் அதுலயே காலி, ஆடி அமாவாச தை அமாவாசைன்னா கேக்கவே வேணாம். எட்டு மணிக்கு மேல ஸ்டாண்டுல பச்ச பிளேட்டு ஒண்ணு ரெண்டுதான் நிக்கும், அதுவும் "சார்ஜ் இல்ல தம்பி"ங்கும். எல்லாரும் வீட்டுல போய்த்தான் சார்ஜ் போடணும். கமுதில 648 மெகாவாட் சோலார் 2016-லயே போட்ட மாவட்டம் இது, ஆட்டோ ஸ்டாண்டுலயே மத்தியானம் ஒரு மணி நேரம் சார்ஜ் போட வசதி பண்ணிக் குடுத்தா ராத்திரி சவாரிக்கு ஆளு தானா நிப்பாங்க. அதுவரைக்கும் ராத்திரி ரயில்ல வந்து எறங்குறவங்க தெரிஞ்ச டிரைவர் நம்பர் ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டு, மண்டபம் தாண்டும்போதே போன் போட்டுருங்க.