முதல் வால்வு போடும்போதே இரண்டாவதைக் கேளுங்கள்

55 வயதுக்காரர் ஒருவருக்கு, இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாசலான அயோர்ட்டிக் வால்வு சுண்ணாம்பேறிச் சுருங்கிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்த வால்வு நல்லது என்றுதான் வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். இது கெட்டால் அடுத்து என்ன வழி என்று கேட்டுப் பாருங்கள், பேச்சே வேறு திசையில் போகும்.

மெக்கானிக்கல் வால்வு லேசில் தேயாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி 1990 முதல் பொருத்தப்படும் சித்ரா வால்வு இந்த வகைதான். பலருக்கு ஒரே ஆபரேஷனோடு முடிந்துவிடும். ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை விடாமல். ஒரு வாரம் கீரையை அள்ளிச் சாப்பிட்டாலே கணக்கு மாறும். ராத்திரி அமைதியில் ‘டிக் டிக்’ கேட்கும்; பழகிவிடும் என்கிறார்கள். அபூர்வமாக ரத்தம் கட்டி அடைத்து, மாற்ற வேண்டி வந்தால் நெஞ்சைத் திறப்பதுதான் வழி. அதற்குள் இன்னொரு வால்வை நுழைக்க முடியாது.

திசு வால்வு மாட்டின் இதய உறையிலோ பன்றி வால்விலோ செய்வது. மாத்திரைத் தொல்லை குறைவு, ஆயுள் சுமார் 10–15 வருடம். வயது குறைந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் கெடும். அப்புறம் தொடை ரத்தக்குழாய் வழியாகப் பழையதற்குள்ளேயே புதியதைப் பொருத்தலாம். இங்கேதான் அளவு முக்கியம். முதலில் வைத்தது 19 மில்லிமீட்டர் என்றால், அதற்குள் இன்னொன்று போனதும் ரத்தம் போகிற வழி சுருங்கி, மூச்சிரைப்பு திரும்பலாம். அதனால் முதல் ஆபரேஷனிலேயே வால்வு உட்காரும் இடத்தை வெட்டி, ஒட்டுப்போட்டு அகலமாக்கிப் பெரிய அளவு வைக்கிறார்கள். நேரம் கூடுதலாகும்தான், இந்த வயதில் அது வீண்போகாது என்பது என் கட்சி.

நெஞ்சைத் திறக்காமல் முதலிலேயே தொடை வழியாகப் போடும் டாவி, 2002இல் பிரான்சில் அலேன் கிரிபியே தொடங்கிவைத்தது. 80 வயதில் பெரிதாக விவாதமில்லை. 55இல் போட்டால் அடுத்த முறை சிக்கல்: புதியது தள்ளும்போது பழைய வால்வின் இதழ்கள் சுவர் மாதிரி நிமிர்ந்து இதயத்துக்கே ரத்தம் தரும் குழாய்களின் வாயை மறைக்கக்கூடும். அந்த டாவி வால்வை வெட்டி எடுப்பதும் முதல் ஆபரேஷனை விடக் கடினம். 65க்குக் கீழே அறுவை சிகிச்சைதான் என்கிறது 2020 அமெரிக்க வழிகாட்டி.

என்னைக் கேட்டால், பக்கத்திலேயே நல்ல லேப், மாத்திரை தவறாத பழக்கம் இரண்டும் இருந்தால் மெக்கானிக்கல். இல்லையென்றால் திசு, முடிந்தால் 23 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். சரி, எதைப் போட்டாலும் வால்வின் பெயரும் அளவும் உள்ள அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பதினைந்து வருடம் கழித்துப் பார்க்கும் டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.